அமெரிக்கப் பள்ளியில் சிறப்புக் கல்வி கேட்பது எப்படி?

ஆசிரியரிடம் வாய்வார்த்தையாகச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். அது எங்கும் பதிவாகாது. பள்ளி முதல்வருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "என் மகன் வாசிக்கத் திணறுகிறான். ஐ.டி.இ.ஏ. சட்டப்படி முழு மதிப்பீடு செய்யுங்கள்." ஐ.டி.இ.ஏ. (IDEA) என்பது மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் கல்விக்கான அமெரிக்கச் சட்டம். பள்ளி மறுத்தால் காரணத்தை எழுத்தில் தந்தாக வேண்டும்.

மதிப்பீட்டை முடிப்பதற்கான 60 நாள் கெடு ஓடத் தொடங்குவது நீங்கள் அதற்கான ஒப்புதல் படிவத்தைக் கொடுத்த நாளிலிருந்துதான் (சில மாநிலங்களில் கணக்கு வேறு). படிவம் புத்தகப்பையிலேயே கிடந்தால் கெடுவும் அங்கேயே கிடக்கும்.

சிறப்புக் கல்விக்குத் தகுதி உறுதியானால் 30 நாளுக்குள் ஐ.இ.பி. (IEP, உங்கள் பிள்ளைக்கென எழுதப்படும் தனிக் கல்வித் திட்டம்) கூட்டம். "தேவைக்கேற்பப் பேச்சுப் பயிற்சி" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாரம் எத்தனை முறை, எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா என்று எழுதச் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள், கட்டணம் இல்லை. மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையா? பள்ளி மாவட்டத்தின் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) செலவிலேயே வெளி நிபுணரின் மதிப்பீட்டைக் கோரலாம்.