ஒரு நாவலாசிரியரின் கருத்துகளுக்குப் பேரேடு போடுவது எப்படி

முதலில் ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்குங்கள். கெட்டி அட்டை போட்டதாக, பக்க எண் அச்சிட்டதாக இருக்கட்டும். கூடவே ஒரு பென்சிலும், கிழித்த தினசரி காலண்டர் தாள் ஒரு கட்டும் வேண்டும். ஒரு பெரிய நாவலாசிரியர் வாழ்க்கையைப் பற்றியும் காதலைப் பற்றியும் ஊர் உலகத்தைப் பற்றியும் என்னதான் நினைத்தார் என்று பார்க்க இவ்வளவு போதும். நான் மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவன். மிளகாய் வத்தலுக்கும் துவரம்பருப்புக்கும் எழுதுகிற முறையிலேயே ரஷ்ய நாவலாசிரியர் டால்ஸ்டாய்க்கும் எழுதி வருகிறேன். எல்லாம் கம்ப்யூட்டர் பில் ஆகிவிட்ட பிறகும் எங்கள் கடையில் பேரேடு, அதாவது ஆள்வாரியாகக் கணக்கு ஏற்றும் நோட்டு உண்டு. அதைப் புரட்டிப் பார்த்தால்தான் முதலாளிக்கு ராத்திரி தூக்கம் வரும்.

யார் பேரில் என்று தெரியாத தொகையைப் பேரேட்டில் ஏற்ற மாட்டோம். நாவல் வரிகளுக்கும் இதுவே விதி. வாட்ஸ்அப்பில் 'டால்ஸ்டாய் சொன்னார்' என்று வருகிற வரிகளில் பல, அவர் கதையில் வரும் யாரோ ஒருவர், யாரிடமோ, ஏதோ ஒரு காரியத்துக்காகச் சொன்னவை. எங்கள் கடையில் லோடு இறக்கும் தம்பி ஒருவன் அண்ணன் கல்யாண பிளெக்ஸுக்கு இப்படி ஒரு வரியை போனில் கொண்டுவந்து காட்டினான். வாழ்க்கையின் வகை வகையான அழகெல்லாம் வெளிச்சமும் நிழலும் சேர்ந்ததுதான் என்ற பொருளில் இருந்தது. கீழே டால்ஸ்டாய் தாடியுடன் படம்.

"அண்ணே, இதப் போடலாமா? பெரிய ஆளு சொன்னதுண்ணே."

"இதச் சொன்னது யாருன்னு தெரியுமா தம்பி? பொண்டாட்டிகிட்ட கையும் களவுமா மாட்டிக்கிட்டவன்."

தம்பி போனை சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கடைசியில் பிளெக்ஸில் வெறும் மாப்பிள்ளை படமும் நண்பர்கள் பட்டாளமும்தான் வந்தன. அது எவ்வளவோ நல்லது.

அந்த வரி 'அன்னா கரீனினா'வில் வருகிறது. முதல் பாகம், பதினோராவது அத்தியாயம். சொல்கிறவன் ஸ்டீவா ஆப்லான்ஸ்கி. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுக்காரியோடு அவனுக்கு இருந்த தொடர்பு மனைவி டாலிக்குத் தெரிந்து மூன்று நாள் ஆகிறது. படுக்கை வாசிப்பறைத் தோல் சோபாவுக்கு மாறியிருக்கிறது. அந்த நிலையில் பழைய நண்பன் லெவினை மாஸ்கோவில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப்போய் சிப்பி வரவழைக்கிறான். கிராமத்திலிருந்து வந்த லெவினுக்குப் பிடித்ததோ முட்டைக்கோஸ் சூப்பும் கஞ்சியும். சாப்பிட்டபடி, கட்டியவள் இருக்க இன்னொருத்தி மேல் ஆசை வந்தால் மனுஷன் என்னதான் செய்வான் என்று ஸ்டீவா நியாயம் பேசுகிறான். அந்த நியாயத்தின் முத்தாய்ப்புதான் வெளிச்சமும் நிழலும். அதற்கு லெவின் பெருமூச்சு விடுகிறான், பதில் சொல்வதில்லை. அவனுக்கு அவன் கவலை: டாலியின் தங்கை கிட்டியிடம் அன்று மாலையே தன் விருப்பத்தைச் சொல்லப் போகிறான். அப்புறம் பில் வருகிறது, இருபத்தாறு ரூபிளும் சில்லறையும். லெவினின் பங்கு, டிப்ஸ் சேர்த்து, பதினான்கு. வேறு நாளாக இருந்தால் கிராமத்தான் லெவின் பதறியிருப்பான், அன்றைக்குக் கண்டுகொள்ளவில்லை என்று டால்ஸ்டாய் எழுதுகிறார். அடுத்தவன் மனசில் என்ன ஓடுகிறது என்பதைப் பில்லை வைத்தே காட்டிவிட்டார் பாருங்கள். நான் இந்த ஆளிடம் விழுந்தது அந்தப் பதினான்கு ரூபிளில்தான்.

இனி நோட்டை ஐந்து பத்தியாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். வரி, சொன்னவர், கேட்டவர், பாகமும் அத்தியாயமும், அப்புறம் நடந்தது. முதல் பத்தியை அகலமாக விடத் தோன்றும். வேண்டாம், கடைசிப் பத்தியை அகலமாக விடுங்கள். 'அப்புறம் நடந்தது' என்ற அந்த இடத்தில்தான் ஆசிரியர் உட்கார்ந்திருக்கிறார். மேலே சொன்ன வரிக்கு என் நோட்டில் இப்படி இருக்கிறது: சொன்னவர் ஸ்டீவா, கேட்டவர் லெவின், 1–11, அப்புறம், லெவின் பெருமூச்சு, பில், இருவரும் தங்கள் தங்கள் நினைப்பில். அன்று மாலையே கிட்டி லெவினை மறுத்துவிடுகிறாள், அதையும் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்.

பக்க எண் எழுதாதீர்கள். பதிப்புக்குப் பதிப்பு மாறும். 'அன்னா கரீனினா' எட்டு பாகம், அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. 5–33 என்று எழுதினால் நா. தர்மராஜனின் தமிழ் மொழிபெயர்ப்பிலும் கண்டுபிடிக்கலாம், ஆங்கிலத்தில் படிக்கிற உங்கள் மகள் கையில் இருக்கும் புத்தகத்திலும் கண்டுபிடிக்கலாம்.

முதல் வாசிப்பில் நோட்டைத் தொடவே கூடாது. அது சிட்டை, அதாவது பேரேட்டுக்கு முந்தின கச்சாக் குறிப்பு எழுதும் நேரம். பிடித்த இடத்தில் காலண்டர் தாளைச் செருகி, அதில் சொன்னவர் பெயரை மட்டும் பென்சிலால் குறியுங்கள். சிம்மக்கல் நூலகத்திலோ நத்தம் ரோட்டுக் கலைஞர் நூலகத்திலோ உள்ள புத்தகம் என்றால் கோடு போடாமல் இருப்பதற்கும் இதுதான் வழி. பாகம் முடிந்ததும் தாள்களை எடுத்து வரிசைப்படுத்தி, எது தேறும் எது தேறாது என்று பார்த்துப் பேரேட்டில் ஏற்றலாம். பாதி தேறாது. எனக்கு இந்த வேலைக்கு வாகான நாள் சித்திரைத் தேர் அன்று. மாசி வீதிகளில் தேர் சுற்றும்போது லாரி உள்ளே வராது, சரக்கு இறங்காது. தேர் கடந்து போனதும் கடை மாடியில் உட்கார்ந்து ஒரு பாகம் முழுக்க ஏற்றிவிடலாம்.

ரஷ்யப் பெயர்களுக்குப் பயப்பட வேண்டாம். ஸ்டெபான் அர்க்காதியெவிச் என்பவனும் ஆப்லான்ஸ்கி என்பவனும் ஸ்டீவா என்பவனும் ஒரே ஆள். ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தலைப்பில் மூன்று பெயரையும் எழுதிவிட்டால் தீர்ந்தது.

இனி காதல் கணக்கு. இதில்தான் வரிகள் அதிகம் சேரும், குழப்பமும் இதில்தான் அதிகம். எத்தனை தலையோ அத்தனை புத்தி என்றால் எத்தனை இதயமோ அத்தனை வகைக் காதல் என்று ஒரு வரி. சொன்னவர் அன்னா. இடம் பீட்டர்ஸ்பர்க்கில் பெட்ஸி சீமாட்டி வீட்டு வரவேற்பறை, 2–7. காதலித்துக் கட்டுவதா, பார்த்துக் கட்டுவதா என்று பட்டிமன்றம் போல் பேச்சு நடக்கிறது. நீ என்ன சொல்கிறாய் என்று அன்னாவைக் கேட்கிறார்கள். அவள் கழற்றிய கையுறையை விரல்களில் வைத்து விளையாடிக்கொண்டே இதைச் சொல்கிறாள். எதிரே அவள் மேல் ஆசை வைத்த விரான்ஸ்கி, அவள் என்ன சொல்லிவிடுவாளோ என்று நெஞ்சு படபடக்கக் காத்திருக்கிறான். அவள் சொல்லி முடித்ததும் ஆபத்து விலகியவன் போல மூச்சு விடுகிறான். அவள் கல்யாணமானவள், ஒரு மகனும் உண்டு. இத்தனையும் தெரிந்த பிறகு அந்த வரியைப் படியுங்கள். எல்லார் முன்னாலும் மாட்டிக்கொள்ளாமல் நழுவுகிற ஒருத்தியின் சாமர்த்தியம் அது.

அதே அன்னா ஏழாம் பாகத்தில் வேறு மாதிரி பேசுகிறாள். காதல் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடப்பதை மூடத்தான் மரியாதை என்ற ஒன்றைக் கண்டுபிடித்தார்கள் என்று விரான்ஸ்கியின் முகத்துக்கு நேரே சொல்கிறாள். இப்போது நடப்பது சண்டை. அவன் மரியாதை என்ற பேச்சை எடுக்கிறான், இவள் திருப்பி அடிக்கிறாள். அந்தப் பாகம் முடிவதற்குள் அவள் ரயிலுக்கு அடியில் விழுந்துவிடுகிறாள். இந்த இரண்டு வரியையும் அன்னாவின் பக்கத்தில் மேலும் கீழுமாக எழுதிப் பாருங்கள். கையுறையோடு விளையாடியவள் இங்கே எப்படி வந்து சேர்ந்தாள் என்ற கேள்வி அந்த இடைவெளியில் நிற்கும். அதைத்தான் டால்ஸ்டாய் நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதியிருக்கிறார். வரி மட்டும் எடுத்தால் அது போய்விடும்.

சமூகக் கணக்கில் வேறொரு சிக்கல் வரும். பொறுக்கி எடுக்க வரியே கிடைக்காது. அதற்கு ஆட்களை ஜோடி சேர்த்து எழுத வேண்டும். ஸ்டீவாவும் அன்னாவும் அண்ணன் தங்கை என்பதை மறக்காதீர்கள். அண்ணன் தப்பு செய்கிறான். நாடகம் பார்த்துவிட்டு மனைவிக்கென்று ஒரு பெரிய பேரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், அவள் கையில் கடிதத்தைப் பார்த்ததும் அசட்டுச் சிரிப்பு சிரிக்கிறான். தப்பைவிட அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது என்று வருத்தப்படுகிறான். வேலை போகவில்லை, நண்பர்கள் போகவில்லை, விருந்து போகவில்லை. அவனுக்காக டாலியிடம் சமாதானம் பேச ரயிலேறி வருகிறவள் அன்னாவேதான். அதே காரியத்தைத் தங்கை செய்கிறாள். ஐந்தாம் பாகத்தில் அவள் இசை நாடகம் பார்க்கப் போகிறபோது பக்கத்துப் பெட்டியில் இருந்த பெண், இவள் பக்கத்தில் உட்காருவது கேவலம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். விரான்ஸ்கியும் அதே அரங்கில்தான் இருக்கிறான். அவனைப் பார்த்து யாரும் எழுந்து போகவில்லை. சமூகம் ஆணுக்கு ஒரு நியாயம் பெண்ணுக்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறது என்று டால்ஸ்டாய் எங்கேயாவது மேடை போட்டுச் சொன்னாரா என்று தேட வேண்டியதில்லை. நோட்டில் இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தங்கை. பற்றும் வரவும் நேராகாததைக் கண்ணாலேயே பார்க்கலாம். உசிலம்பட்டிப் பக்கம், மேலூர்ப் பக்கம் பஞ்சாயத்துகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்கவுரை தேவைப்படாது.

வாழ்க்கைக் கணக்கில் லெவின் நிறைய இடம் பிடிப்பான். அவன் டால்ஸ்டாய்தான் என்று பலர் சொல்வார்கள், காரணமும் உண்டு. சீட்டாட்ட மேஜையில் சுண்ணக்கட்டியால் சொற்களின் முதல் எழுத்துகளை மட்டும் எழுதி லெவினும் கிட்டியும் மனசைச் சொல்லிக்கொள்கிறார்களே, 1862இல், பிறகு மனைவியான சோபியாவிடம் டால்ஸ்டாய் பேசியதும் அப்படித்தான். இருந்தாலும் லெவின் பக்கத்தைத் தனியாகவே வையுங்கள். எட்டாம் பாகத்தில் ஒரு விவசாயி, இன்னொரு கிழவரைப் பற்றி, அவர் ஆன்மாவுக்காக வாழ்கிறவர் என்று போகிற போக்கில் சொல்கிறான். லெவினுக்கு உலகமே வெளிச்சமாகிவிடுகிறது. இனி யாரிடமும் கோபப்பட மாட்டேன் என்று நினைத்தபடி இருக்கிறான். சற்று நேரத்தில் வண்டிக்காரன், வலது பக்கமாகத் திருப்புங்கள், அங்கே கட்டை கிடக்கிறது என்கிறான். எனக்குச் சொல்லித்தர வராதே என்று லெவின் எரிந்து விழுகிறான். ஞானத்தை ஏற்றிவிட்டுக் கட்டையை விட்டுவிட்டால் கணக்கு தப்பு.

ஆசிரியர் குரலுக்கென்று தனிப் பக்கம் வேண்டும். மகிழ்ச்சியான குடும்பங்கள் எல்லாம் ஒரே மாதிரி, துயரக் குடும்பம் ஒவ்வொன்றும் அதனதன் வழியில் என்கிற புகழ்பெற்ற முதல் வரி அங்கே போகும். அதற்கும் 'அப்புறம் நடந்தது' எழுதுங்கள்: ஸ்டீவா வீடு தலைகீழ், சமையல்காரன் முந்தின நாள் சாப்பாட்டு நேரம் பார்த்துக் கிளம்பிப் போய்விட்டான். கூடவே, லெவினும் கிட்டியும் கல்யாணமான புதிதில் சண்டை போடும் ஐந்தாம் பாக அத்தியாயங்களுக்கு ஒரு குறிப்பு. முகப்பில் இருக்கும் 'பழிவாங்குதல் எனக்குரியது' என்பது பைபிள் வசனம், ரோமர் 12:19. அதை டால்ஸ்டாய் பேரில் எழுதாதீர்கள்.

கடைசியில் ஒரு தேதிப் பத்தி. நாவல் எழுதிய வருஷத்தைத் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். 'அன்னா கரீனினா' பத்திரிகையில் வரத் தொடங்கியது 1875. பிற்காலத்தில் கலையைப் பற்றி எழுதியபோது, இரண்டு சின்னக் கதைகள் தவிரத் தன் படைப்புகளையே மட்டக் கலை என்று ஒதுக்கியவர் அவர். காந்தியோடு கடிதப் போக்குவரத்து 1909, 1910இல், அந்த டால்ஸ்டாய் எண்பதைத் தாண்டிய கிழவர். தமுக்கம் பக்கம் காந்தி மியூசியத்தில் கேள்விப்படுகிற டால்ஸ்டாயையும் ஸ்டீவாவுக்கு சிப்பி வாங்கிக் கொடுத்த டால்ஸ்டாயையும் ஒரே பக்கத்தில் எழுதினால் குழம்பிப்போகும்.

இந்த வேலைக்கு அவரே ஒரு கடிதத்தில் ஆதரவு தந்திருக்கிறார். 1876இல் விமர்சகர் ஸ்ட்ராகவுக்கு எழுதும்போது, இந்த நாவலில் சொல்ல நினைத்ததை எல்லாம் வார்த்தையில் சொல்ல வேண்டும் என்றால், முதலிலிருந்து இதே நாவலைத்தான் திரும்ப எழுத வேண்டியிருக்கும் என்ற பொருளில் எழுதினார்.

எட்டு பாகம் மலைப்பாக இருந்தால் 'இவான் இலியிச்சின் மரண'த்தில் கை பழகுங்கள். சிறியது, 1886இல் வந்தது. இவான் இலியிச்சின் வாழ்க்கை மிக எளியது, மிகச் சாதாரணமானது, அதனாலேயே மிகப் பயங்கரமானது என்று இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் வருவதை ஆசிரியர் குரல் பக்கத்தில் ஏற்றுங்கள். சமூகப் பக்கத்துக்கு முதல் அத்தியாயமே போதும். செத்துப்போன செய்தியைப் பேப்பரில் பார்த்த கோர்ட் நண்பர்களுக்கு முதலில் வருகிற நினைப்பு, காலியான பதவி யாருக்குக் கிடைக்கும் என்பது. அவர்களில் ஒருவன் துக்க வீட்டிலிருந்து நேராகச் சீட்டாடப் போகிறான். முதல் ஆட்டம் அப்போதுதான் முடிகிறது. அவன் உட்கார இடமும் கிடைத்துவிடுகிறது.