எழுத்தே இல்லாத ஒரு ஊரு: ‘ஃபாரன்ஹீட் 451’ படத்த நாவலோட சேத்து வெச்சுப் பாக்குறது எப்படி?

நாவல் படிச்சுட்டு அதோட படத்தப் பாத்தா முக்கால்வாசிப் பேரு வாயில வர்ற மொத வார்த்த “புக்கு மாதிரி இல்ல”. இந்தப் படத்த மொத தடவ பாத்தப்போ நானும் அதத்தான் சொன்னேன், ஏன்னா நாவல்ல என்னைத் தூங்க விடாம பண்ணது அந்த எட்டுக் கால் இயந்திர நாய், படத்துல அது வரவே இல்ல, இப்ப வரும் இப்ப வரும்னு காத்துக்கிட்டே இருந்ததுல கண்ணு முன்னாடி நடந்தத கவனிக்கல. ரெண்டாவது தடவ ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துட்டு உக்காந்தேன், அப்பதான் படம் பிடிபட்டுச்சு. அந்த முறையதான் இங்க எழுதுறேன், சினிமா படிப்பெல்லாம் எதுவும் தேவையில்ல.

ஸ்டெப் 1: மொதல்ல புக்கு

ரே பிராட்பரி எழுதி 1953ல வந்த சின்ன நாவல், மூணே பாகம். தீயணைப்புக்காரங்கன்னா தீய அணைக்குறவங்க இல்ல, புத்தகம் ஒளிச்சு வெச்சிருக்குற வீட்டத் தேடிப் போய் கொளுத்துறவங்க, அதுல ஒருத்தன் மோன்டாக். இதோட மொத வடிவத்த லாஸ் ஏஞ்சலஸ் யுனிவர்சிட்டி லைப்ரரிக்குக் கீழ இருந்த ரூம்ல, காசு போட்டா ஓடுற டைப்ரைட்டர்ல, அரை மணி நேரத்துக்கு 10 சென்ட்டுன்னு போட்டுப் போட்டு எழுதினாரு. தலைக்கு மேல அத்தன புத்தகம், கீழ இவரு புத்தகத்த எரிக்குற கதைய எழுதிட்டு இருக்காரு, அத நெனச்சா இப்பவும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

படிச்சு முடிச்சதும் புக்க மூடி வெச்சுட்டு, மனசுல நிக்குற அஞ்சு காட்சிய மட்டும் நோட்டுல எழுதுங்க. திரும்பப் புரட்டிப் பாக்காதீங்க. நீங்க எதுக்காகக் காத்திருக்கப் போறீங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கத்தான் இந்த லிஸ்ட்.

ஸ்டெப் 2: எந்தப் படம்?

1966ல பிரெஞ்சு டைரக்டர் ஃபிரான்சுவா த்ருஃபோ எடுத்தது. அவரோட மொத கலர் படம், அவரு இங்கிலீஷ்ல எடுத்த ஒரே படமும் இதான், அவருக்கோ இங்கிலீஷ் சரளமா வராது. 2018ல எச்பிஓங்குற அமெரிக்க டிவி சேனலுக்காக ரமின் பஹ்ரானி எடுத்தது இன்னொன்னு இருக்கு, மைக்கேல் பி. ஜோர்டன் நடிச்சது, அத இப்ப தொடாதீங்க. அதுல மோன்டாக்குக்குப் பொண்டாட்டியே கெடையாது, ரெண்டையும் ஒண்ணாப் பாத்தா கொழம்பிருவீங்க.

ஸ்டெப் 3: மொத ரெண்டு நிமிஷம்

இந்த இடத்துல போன தூக்கி ஓரமா வெச்சுடுங்க. எல்லாப் படத்துலயும் டைட்டில் கார்டு ஓடும், இதுல ஓடாது. வீட்டுக் கூரை மேல இருக்குற டிவி ஆன்டெனாவ ஒண்ணு ஒண்ணா ஜூம் பண்ணிக் காட்டுறாங்க, ஒவ்வொண்ணும் ஒரு கலர்ல, அதுக்கு மேல ஒரு குரல் நடிச்சவங்க பேர, வேல செஞ்சவங்க பேர வாசிச்சுட்டே போகுது. படிக்குறது குத்தம்னு ஆன ஊருல படத்தோட பேரக் கூட த்ருஃபோ எழுதிக் காட்ட மாட்டேங்குறாரு. நாவல்ல இதுக்கு சமமா ஒரு வரியும் இல்ல, இருக்கவும் முடியாது, ஏன்னா நாவல்னாலே எழுத்துதானே. எழுத்து செத்துப் போன ஒரு ஊர நமக்கு எழுத்துலதான் சொல்ல முடியும்னு பிராட்பரிக்கு ஒரு கட்டு இருந்துச்சு, த்ருஃபோவுக்கு அந்தக் கட்டு இல்ல.

ஸ்டெப் 4: எழுத்து வேட்டை

இதுதான் முக்கியமான வேல, நெறைய நேரம் இதுக்குதான் போகும். நோட்டுல புதுப் பக்கம் எடுத்து, திரையில எங்கெல்லாம் எழுத்து தெரியுதோ அப்பல்லாம் நிமிஷத்தக் குறிச்சுக்கிட்டே வாங்க. ரொம்ப நேரம் பக்கம் காலியாவே கெடக்கும். மோன்டாக் பாக்குற பேப்பர்ல வெறும் பொம்மப் படம்தான் கட்டம் கட்டமா இருக்கு, ஒரு வார்த்தையும் கெடையாது. ஆபீஸ் ஃபைலத் தொறந்தா போட்டோ. நம்பர் மட்டும் இருக்கு, 451னு.

அப்புறம் எழுத்து எங்க வருது? எரியுற புத்தகத்துல. கேமரா பக்கத்துக்குக் கிட்டப் போகுது, இவ்ளோ நேரம் எழுத்தே பாக்காத நம்ம கண்ணு தானா படிக்க ஆரம்பிக்குது, வரிய முடிக்குறதுக்குள்ள தாள் சுருண்டு கருகிடுது. புத்தகத்தோட சேந்து தன்னையே கொளுத்திக்குற அந்தப் பெரியம்மா வீட்டுக் காட்சிய மூணு தடவயாவது ஓட்டிப் பாருங்க. ஓவியர் சால்வடார் டாலியோட ஓவியப் புத்தகம் ஒண்ணு கீழ கெடக்கும், யாரும் தொடாமலே பக்கம் பக்கமா தானா பொரளும். வசனம் எதுவும் சொல்லாத ஒண்ண அந்தத் தாள் சொல்லிடுது.

அடுத்து, மோன்டாக் ராத்திரி திருட்டுத்தனமா மொத புத்தகத்தத் தொறக்குற எடம். டிக்கன்ஸோட டேவிட் காப்பர்ஃபீல்ட். நேரா கதைக்குப் போக மாட்டான், தலைப்புப் பக்கத்துல வெரல வெச்சு நகத்தி நகத்தி, ஆசிரியர் பேரு, பதிப்பகத்து பேருன்னு அச்சுல இருக்குற எல்லாத்தயும் சத்தமா படிப்பான். எது கதை எது கதை இல்லன்னு அவனுக்குத் தெரியாதே. ஒண்ணாங்கிளாஸ் புள்ள எழுத்துக் கூட்டிப் படிக்குற அதே வெரல், அதே மூச்சு. ஆஸ்கர் வெர்னர் இந்த ஒரு காட்சியில நடிச்சத நான் எப்பவும் மறக்க மாட்டேன்.

ஸ்டெப் 5: மூணு கோடு

இப்ப ஒரு பக்கத்த மூணாப் பிரிங்க. போனது, ஒண்ணாச் சேந்தது, புதுசு.

போனது: இயந்திர நாய், பேபர்னு வர்ற வயசான புரொஃபசர், பின்னாடி ஓடிக்கிட்டே இருக்குற போர்.

ஒண்ணாச் சேந்தது: மோன்டாக்கோட பொண்டாட்டியும், அவன யோசிக்க வெக்குற கிளாரிஸும். ரெண்டு பேரயும் ஜூலி கிறிஸ்டியே நடிச்சிருக்காங்க, கூந்தல்தான் வேற. நாவல்ல மில்ட்ரெட்டா இருந்தவ இங்க லிண்டா. ஒரே மொகம், ஒருத்தி சுவத்துல இருக்குற டிவியோட பேசுறா, இன்னொருத்தி இவனோட பேசுறா. நாவல்ல கிளாரிஸ் பாதியிலயே காணாமப் போயிடுவா, படத்துல கடைசி வரைக்கும் இருக்கா, இது எனக்கு முழுசா ஒப்பல, அவ இல்லாமப் போனதுதான் நாவல்ல மோன்டாக்கப் போட்டு அரிச்சுட்டே இருக்கும்.

புதுசு: கம்பம். தீயணைப்பு ஸ்டேஷன்ல கம்பத்தப் புடிச்சு எறங்குறது எல்லாருக்கும் தெரியும், இதுல ஆளுங்க கம்பத்தப் புடிச்சதும் மேல ஏறிப் போவாங்க. மோன்டாக் புத்தகம் படிக்க ஆரம்பிச்ச பின்னாடி கம்பம் அவன ஏத்தாது, படிக்கட்டுல நடந்து போவான். அவன் மாறிட்டான்னு சொல்ல நாவல் பக்கம் பக்கமா எடுத்துக்கிட்டத படம் ஒரு இரும்புக் கம்பத்துல முடிச்சிடுது. இந்த மாதிரி ஒண்ணு உங்க கண்ணுல பட்டா மூணாவது கட்டத்துல எழுதி அடிக்கோடு போடுங்க.

ஸ்டெப் 6: கடைசிக் காட்சி, கண்ண மூடிக்கிட்டு

நாவல் குண்டு விழுந்து சாம்பலான ஊரப் பாத்து முடியுது. படத்துல காடு, ஏரிக்கரை, ஆளுக்கொரு புத்தகத்த மனப்பாடம் பண்ணி அந்தப் புத்தகமாவே ஆயிட்ட ஜனங்க. மோன்டாக்குக்கு எட்கர் ஆலன் போ எழுதின கதைப் புத்தகம். ஷூட்டிங் அன்னிக்கு எதிர்பாக்காம பனி கொட்டிருச்சு, த்ருஃபோ நிறுத்தாம அதுலயே எடுத்தாரு.

மொத தடவ கண்ண மூடி காதால மட்டும் கேளுங்க, பல மொழி ஒண்ணு மேல ஒண்ணு விழும், அதுக்கு அடியில பெர்னார்ட் ஹெர்மனோட இசை. ரெண்டாவது தடவ கண்ணத் தொறந்து அந்தத் தாத்தாவயும் பையனயும் பாருங்க. தாத்தா சாகக் கெடக்காரு, தன்கிட்ட இருக்குற ஸ்டீவன்சன் நாவல வரி வரியா பையனுக்கு ஒப்படைக்குறாரு, பையன் தடுமாறித் தடுமாறித் திருப்பிச் சொல்றான். அப்புறம் பனிக்குள்ள அவன் மட்டும் தனியா, தெணறாம ஒரு வரி சொல்வான், குளிர்காலத்து மொத பனி விழுறப்போ ஒருத்தர் செத்துப் போனாருன்னு. பக்கத்துல தாத்தா இல்ல.