டிஃபென்ஸ் ஏற்றுமதிக்குப் பாகம் செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கோவையின் கணபதியிலும் குறிச்சியிலும் பம்பு பாகம், மோட்டார் பாகம் என்று ஓட்டிக்கொண்டிருந்த பட்டறைகளுக்கு இப்போது டிஃபென்ஸ் ஆர்டர் மேல் ஒரு கண். ராணுவத் தளவாடத் தொழிலை வளர்க்க 2019-ல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவை, சேலம், ஓசூர் மூன்றும் இருக்கின்றன, ஆசை வராமல் என்ன செய்யும். மிஷினும் இருக்கிறது, கைத்திறனும் இருக்கிறது, நம் ஆட்கள் சறுக்குவதெல்லாம் காகிதத்தில்தான்.

முதலில், யாரிடம் போகிறோம் என்பதையே சரியாகத் தெரிந்துகொள்வதில்லை. அரசின் ஆயுத ஆலைகளை நடத்திவந்த ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டு 2021 அக்டோபர் 1-லிருந்து கிடையாது, அது ஏழு அரசு கம்பெனிகளாகிவிட்டது. ஊட்டி மலை ரயிலில் போகும்போது பார்க்கிற அருவங்காடு வெடிமருந்து ஆலை மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ் வருகிறது, ஆவடி டேங்க் ஆலை ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாமின் கீழ். திருச்சியிலோ அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஆலைகளுக்கு இரண்டு முதலாளி. ஒன்றில் வெண்டராகப் பதிந்தால் எல்லாவற்றிலும் பதிந்த மாதிரி என்று இருந்துவிடாதீர்கள்.

அரசு ஆலைகள்தான் ஏற்றுமதியில் பெரிய கை என்ற நினைப்பும் 2024-25 கணக்குப்படி தப்பு. அந்த வருடம் மொத்த டிஃபென்ஸ் ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய், அதில் அரசு கம்பெனிகள் 8,389 கோடி, மீதி தனியார். ஆனால் அரசு கம்பெனிகளுக்கு அதற்கு முந்தைய வருடம் 5,874 கோடிதான், ஆக வளர்ச்சி அந்தப் பக்கம் வேகமாக இருந்தது. அதற்காக, பேப்பரில் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று வந்ததுமே கடன் வாங்கி வி.எம்.சி. எனும் கம்ப்யூட்டர் கடைசல் மிஷின் இறக்குவது விவரமான வேலை இல்லை, அது இன்னும் ஆர்டரே ஆகவில்லை.

பெரிய வம்பு டிராயிங்கில் இருக்கிறது. பி.டி.எஃப். வந்ததும் விலை கேட்க நாலு பேருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது இங்கே எல்லாரும் செய்வது, பம்பு கேசிங்குக்கு அது பரவாயில்லை. ராணுவப் பாகத்தின் டிராயிங்கை வெளிநாட்டில் இருக்கிற ஒருவருக்கு மெயிலில் அனுப்பினால் அதுவே ஏற்றுமதி, பெட்டி கப்பலேற வேண்டியதில்லை. அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்யக்கூடாத பொருள்களின் பட்டியலான ஸ்கோமெட்டின் ஆறாவது பிரிவு ராணுவத் தளவாடங்களுக்கானது, அதில் தொழில்நுட்பமும் அடங்கும், அனுமதி தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை. பில்லில் போடுகிற எச்.எஸ்.என். பொருள்வகை எண்ணைப் பார்த்து "இது சாதாரண வால்வுதானே" என்று முடிவு கட்டக்கூடாது, ராணுவ உபயோகத்துக்கென்றே வடிவமைத்ததா என்பதுதான் கேள்வி. அரசு ஆலை வாங்கிய அனுமதி அந்த ஆலையின் ஏற்றுமதிக்கு மட்டும். அதே பாகத்தை துபாய் பார்ட்டி நேராகக் கேட்டால், சாம்பிள் ஒன்றே ஒன்று அனுப்புவதாக இருந்தாலும், உங்கள் பெயரில் அனுமதி வேண்டும்.

அப்புறம் ஹீட் நம்பர், அதாவது ராடு எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் எண். ராடு வரும்போது ஒரு முனையில் பஞ்ச் அடித்திருக்கும், ரம்பத்தில் போட்டு அறுத்ததும் முதல் துண்டோடு அது போய்விடும், மற்ற துண்டுகள் பெயரில்லாமல் டிரேயில் கிடக்கும். அறுப்பதற்கு முன்பே ஒவ்வொரு துண்டுக்கும் அதே நம்பரை அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் கையில் மில் சர்டிபிகேட் (உருக்காலை தரும் தரச் சான்று) இருந்தும் எந்தத் துண்டுக்கு அது என்று காட்ட முடியாது. ஹீட் ட்ரீட்மெண்டையும் பிளேட்டிங்கையும் வாங்குகிறவரிடம் சொல்லாமல் பக்கத்து யூனிட்டில் கொடுப்பதும் இதே ரகம். ஈக்வடாருக்கு நம் அரசு விமானக் கம்பெனியான எச்.ஏ.எல். விற்ற 7 துருவ் ஹெலிகாப்டர்களில் 4 விழுந்து, 2015-ல் ஒப்பந்தமே ரத்தானது. காரணம் எதுவாக இருந்தாலும் ஒன்று விழுந்துவிட்டால் விசாரணை பாகம் பாகமாகத் திரும்பி வரும், பத்து வருடத்துக்கு முந்தைய ஃபைலைக்கூடக் கேட்பார்கள்.

கடைசியாகப் பணம். குறு, சிறு நிறுவனச் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் வர வேண்டும், ஆனால் அந்தக் கணக்கு பொருளை அனுப்பிய நாளிலிருந்து அல்ல, ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. இன்ஸ்பெக்ஷனில் நிற்கிற நாளையும் சேர்த்து வட்டி போட்டுத்தான் விலை சொல்ல வேண்டும். உத்யம் பதிவை, அதாவது குறு, சிறு நிறுவனம் என்கிற அரசுப் பதிவை, ஆர்டர் வாங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், பில் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.