வயதான பெண்களுக்கு முடி மெலிவது ஏன், என்ன செய்யலாம்

ஐம்பது, அறுபது வயதைக் கடந்த பெண்களுக்கு முடி மெலிவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வகிடுதான். குங்குமம் வைக்கும்போது வகிடு முன்பைவிட அகன்று தெரியும். இரண்டு சுற்றில் நின்ற ரப்பர் பேண்டு நான்கு சுற்று சுற்றியும் நழுவும். உடனே ஆளுக்கொரு எண்ணெயைச் சொல்வார்கள். எதையும் வாங்குவதற்கு முன், முடி கொத்தாக உதிர்கிறதா, அல்லது அதிகம் உதிராமலேயே ஒவ்வொரு இழையும் மெலிந்துகொண்டு வருகிறதா என்று பிரித்தறிய வேண்டும். இரண்டுக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

தலை உலர்ந்திருக்கும்போது சன்னலோரம் உட்கார்ந்து, உச்சியில் ஒரு வகிடும் பின்னந்தலையில் ஒரு வகிடும் எடுத்து, வீட்டிலுள்ள ஒருவரை இரண்டையும் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பின்னந்தலையில் அடர்த்தி குறையாமல், நெற்றியோரத்து முடிவரிசையும் இருந்த இடத்திலேயே இருக்க, உச்சி வகிடு மட்டும் அகன்றிருந்தால் அது பெரும்பாலும் பரம்பரையும் வயதும் சேர்ந்து கொண்டுவரும் மெலிவு. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறையும் காலத்தில் இது கூடுதலாக வெளிப்படுகிறது. மயிர்க்கால்கள் சிறுத்துக்கொண்டே போவதால் புதிதாக முளைக்கும் முடி முந்தைய முடியைவிட மெல்லியதாகவும் குட்டையாகவும் வளர்கிறது.

கொத்தாக உதிர்வது வேறு கதை. கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை, நெருங்கியவரின் மரணம், சட்டென்று எடை குறைவது போன்ற ஒன்று நடந்து இரண்டு மூன்று மாதங்கள் கழித்தே இது தொடங்கும் என்பதால், பலருக்கு இரண்டுக்கும் உள்ள தொடர்பு பிடிபடுவதில்லை. 2006-இல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோது என் பெரியம்மாவும் காய்ச்சலில் படுத்தார். மூட்டுவலி சற்றுத் தணிந்த வேளையில் முடி கைகையாக வந்தது. உதிர்ந்த முடியின் நுனியில் இருந்த வெள்ளைப் புள்ளியைக் காட்டி, "வேரோடு வந்துவிட்டதே, இனி முளைக்காது" என்று அழுதார். அந்த வெள்ளைப் புள்ளி வேர் அன்று. வளர்ச்சி நின்று ஓய்வுக்குப் போய்த் தானே கழன்ற முடியின் அடிமுனை அது. மயிர்க்கால் தோலுக்குள்ளேயே இருக்கிறது, அங்கிருந்து மறுபடி முளைக்கும். இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிவிடும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும் என்பதால் பழைய அடர்த்தி தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகலாம். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது யாருக்கும் இயல்பே.

எந்த வகையானாலும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமித்துள்ள இரும்புச்சத்தைக் காட்டுவது), தைராய்டு, வைட்டமின் டி, பி12. நீரிழிவுக்காக நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும். மாதவிடாய் நின்றவருக்கு இரும்புச்சத்து குறைந்திருந்தால் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. குடலில் எங்கேனும் இரத்தம் கசிகிறதா என்றும் மருத்துவர் பார்க்க வேண்டும். பரிசோதனைக்குச் சில நாட்கள் முன்பே, முடிக்கென்று பலர் எடுக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை நிறுத்திவிடுங்கள்; அது தைராய்டு முடிவுகளைப் பிறழக் காட்டும். இரும்பு மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் நான்கு மணி நேர இடைவெளி விட்டே உட்கொள்ள வேண்டும்.

உணவைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதை உண்பது, பல் விழுந்ததால் ரசம் சோறும் மோர்ச் சோறுமாகவே நாளை ஓட்டுவது என்று நம் வீட்டு மூத்த பெண்கள் பலர் புரதமே இல்லாமல் இருக்கிறார்கள். குழைய வேகவைத்த பருப்பு, முட்டை, மீன், மசித்த சுண்டல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் அவர்கள் தட்டில் இருக்க வேண்டும்.

பரம்பரை மெலிவுக்கு நன்கு நிரூபிக்கப்பட்ட மருந்து, தலைத்தோலில் தடவும் மினாக்சிடில். 2 சதவீதக் கரைசலை நாளுக்கு இரு வேளை, அல்லது 5 சதவீத நுரையை ஒரு வேளை, எண்ணெய்ப் பிசுக்கில்லாத உலர்ந்த தலையில், முடியை விலக்கித் தோலில் படும்படி தடவ வேண்டும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தடவினால்தான் தலையணை வழியாக முகத்தில் பட்டு அங்கே முடி வளராமல் இருக்கும். முதல் சில வாரங்களில் உதிர்வு கூடும். அதைக் கண்டு பயந்து நிறுத்துபவர்களே அதிகம். குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்த பின்பே பலனை மதிப்பிடலாம். நிறுத்தினால் வந்த பலன் சில மாதங்களில் போய்விடும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பூனைக்கு இது நஞ்சு. வளர்ப்பவர்கள் கவனமாக இருக்கவும்.

தேங்காய் எண்ணெய் முடியிழையிலிருந்து புரதம் கழிவதைக் குறைத்து, முறியாமல் காக்கிறது. புது முடியை முளைக்க வைப்பதில்லை. மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் உண்மையன்று: வெட்டிய முனை மழுங்கியிருப்பதால் தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவே. இறுக்கிய கொண்டையையும் கனமான சவுரியையும் தவிர்த்தால் நெற்றியோர முடி பிழைக்கும்.

நெற்றியோர முடிவரிசை பின்வாங்கி, புருவமும் உதிர்ந்து, அங்கே தோல் பளபளப்பாக வழுவழுவென்று இருந்தாலோ, தலையில் எரிச்சலும் சிவப்பும் இருந்தாலோ ஒரு மாதம்கூடக் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். அது தழும்பாகிவிடும் வகையாக இருக்கலாம். அவ்வாறு அழிந்த மயிர்க்காலில் மறுபடி முடி முளைக்காது. குரல் கனத்து, முகத்தில் முடி திடீரென வளர்ந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

மற்றவர்கள் அதே சன்னலோரத்தில் மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். கண்ணாடியில் நாள்தோறும் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. நான்காம், ஐந்தாம் மாதப் படத்தில் வகிட்டின் இருபுறமும் குட்டையாக நிமிர்ந்து நிற்கும் மெல்லிய முடிகள் தெரிந்தால் மருந்து வேலை செய்கிறது. ஓராண்டாகியும் அவை தென்படாவிட்டால், அந்தப் படங்களையே எடுத்துக்கொண்டு போய், முடிக்காக வாய்வழி உட்கொள்ளும் மருந்துகளைப் பற்றித் தோல் மருத்துவரிடம் பேசலாம்.