பேய்ப்படம் பார்த்துவிட்டு அப்பாவின் பீரோவைத் திறந்தேன்

அப்பா தவறியபின் அவருடைய பீரோவைத் திறக்கவே முடியாமல் இருந்தது. யாராவது அவர் பேச்சை எடுத்தால் எரிந்து விழுவேன். இதற்கு வழி காட்டியது ஒரு பேய்ப்படம் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

2014இல் ஜெனிஃபர் கென்ட் இயக்கிய ஆஸ்திரேலியப் படம், 'தி பாபடூக்'. பிரசவத்துக்கு மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியில் கணவன் விபத்தில் இறந்துவிடுகிறான். அவன் பொருட்களை நிலவறையில் பூட்டிவிட்டு, அவள் அவனைப் பற்றிப் பேசுவதே இல்லை. அப்புறம் வீட்டுக்குள் பேய். (முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.) நம் படமாக இருந்தால் மந்திரவாதி வந்து ஓட்டியிருப்பார். இதில் பேய் போவதே இல்லை. நிலவறையிலேயே இருக்கிறது, அவள் தோட்டத்து மண்புழுக்களைக் கிண்ணத்தில் எடுத்துப்போய் அதற்கு வைக்கிறாள்.

சரி, நாமும் தீனி போட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. ஞாயிறு காலை மட்டும் பீரோவைத் திறப்பேன். ஒரே ஒரு பொருளை எடுத்து, அதைப் பற்றி அம்மாவிடம் பேசிவிட்டுப் பூட்டிவிடுவேன். முதலில் வந்தது மூக்குக்கண்ணாடிக் கூடு. உள்ளே நாலாக மடித்த பஸ் டிக்கெட். அதை எதற்கு வைத்திருந்தார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் அழுதோம். அடுத்து எடுத்த வேட்டியில் மூக்குப்பொடி வாசனை அப்படியே இருந்தது.

வாரநாளில் நினைப்பு முட்டிக்கொண்டு வந்தால், 'ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைக்க முடிந்தது. எனக்கு உதவியது முக்கியமாக இதுதான். எரிந்து விழுவதும் குறைந்தது.

சட்டைகளைத் தம்பி எடுத்துக்கொண்டான். கடிகாரத்தைப் பேட்டரி மாற்றக் கொடுத்திருக்கிறேன்.