தாத்தா எங்கே போனார் என்று குழந்தை கேட்டால்

முதலில், "தூங்குகிறார்" என்று சொல்லாதீர்கள். நான் அப்படிச் சொல்லப்போய், என் மகள் நாலைந்து நாள் ராத்திரி கண்ணை மூடவே பயந்தாள். தாத்தாவின் உடம்பு ஓய்ந்துவிட்டது, இனி மூச்சு இல்லை, பசி இல்லை, வலியும் இல்லை, திரும்பி வரமாட்டார் என்று நேராகவே சொல்லுங்கள். அழுகை வந்தால் மறைக்க வேண்டாம்.

சரி, அப்புறம் எங்கே போனார்? சிலர் சொர்க்கம் என்பார்கள், சிலர் மறுபிறவி, சிலர் அத்தோடு முடிந்தது என்பார்கள். நீங்கள் நம்புவதை "நான் இப்படி நம்புகிறேன்" என்று சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிற வீடென்றால் அந்த உருண்டையைக் குழந்தை கையில் கொடுங்கள். என் மகள் அதை மொட்டைமாடிச் சுவரில் வைத்துவிட்டு, "தாத்தாவுக்கு அப்பளம் பிடிக்குமே" என்று எடுத்துவர ஓடினாள்.