தாத்தாவின் வயல் எங்கே இருந்தது? பழைய கணக்குகளில் தேடும் முறை

"நமக்கு அந்தப் பக்கம் ரெண்டு மா நஞ்சை இருந்துச்சு" என்று அப்பாயி சொல்லும். எந்தப் பக்கம் என்று கேட்டால் கை பொத்தாம்பொதுவாக மேற்கே போகும். பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் அந்த வயலைத் தேடிப் பிடிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. முதல்முறை தேடுகிறவர்கள் அவ்வளவு அலையாமல் இருக்க இதை எழுதுகிறேன். இங்கே சொல்வது தமிழ்நாட்டுக் கணக்குகளைப் பற்றி. நிலத்தில் பங்கு கேட்பது வேறு விஷயம், அதற்கு வக்கீலிடம் போங்கள்.

முதலில் வீட்டுப் பெட்டி

அலுவலகத்துக்குப் போகும் முன் தகரப்பெட்டி, பரண், சாமிப் படத்தின் பின்பக்கம் எல்லாம் துழாவுங்கள். பத்திரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். எனக்குக் கிடைத்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு கிஸ்தி (நிலவரி) ரசீது. கிராமத்தின் பெயர், பட்டா எண், பசலி 1362, கர்ணத்தின் (அன்றைய கிராமக் கணக்குப்பிள்ளையின்) கையெழுத்து. சர்வே எண் இல்லை.

பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். 1362 என்றால் 1952 ஜூலை முதல் 1953 ஜூன் வரை. இன்னும் பழைய தாள்களில் தேதி தமிழ் எண்களில் இருக்கும். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய். ௸ என்பது 'மேற்படி'. இந்த ஐந்தைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பத்திரம் படிக்க வந்துவிடும்.

நான் செய்த தப்பு: ரசீதில் இருந்த பட்டா எண்ணை அப்படியே அரசு இணையதளத்தில் தட்டினேன். ஒரு நிலம் வந்தது. அன்று மாலை முழுக்க ஒரே சந்தோஷம். மறுநாள்தான் தெரிந்தது, அது யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பு. பட்டா எண்கள் இடையில் மாறிவிட்டன. பழைய எண்ணை இன்றைய கணக்கில் தேடக்கூடாது.

இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

ஊரில் வயதானவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், "எங்க தாத்தா உழுதது எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். சரியான வரப்பைக் காட்டாவிட்டாலும் பரவாயில்லை, அக்கம்பக்கம் வந்தால் போதும். அந்த இடத்தின் இன்றைய சர்வே எண்ணை வி.ஏ.ஓ. வைத்திருக்கும் கிராம வரைபடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 'அ' பதிவேடு. இதை இணையத்திலேயே பார்க்கலாம். நஞ்சையா புஞ்சையா, மண்ணின் தரம், தீர்வை, பரப்பு, பட்டாதாரர் பெயர் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். நமக்கு வேண்டியது 'பழைய புல எண்' (பழைய சர்வே எண்) என்ற கட்டம். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். திட்டத்தில் நிலக் கணக்குகள் புதுப்பிக்கப்பட்டன. அதற்கு முந்தைய காலத்துக்கு அந்தக் கட்டம்தான் பாலம். பழைய எண் கையில் வந்ததும், யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலும் செட்டில்மெண்ட் பதிவேட்டின் (நிலத்துக்குத் தீர்வை நிர்ணயித்தபோது எழுதிய கணக்கின்) நகலும் வேண்டும் என்று தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் "அதெல்லாம் இப்ப இல்லீங்க" என்ற பதில் வரலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டால் 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

ஊர் ஜமீனாக இருந்ததா என்றும் விசாரியுங்கள். ஜமீன் என்றால் 1948-ன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அது ரயத்துவாரிக்கு, அதாவது குடிகள் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் முறைக்கு, வந்திருக்கும். அதற்கு முந்தைய குடிகளின் பெயரை அரசுக் கணக்கில் தேடிப் பயனில்லை. இனாம் நிலம் (வரி இல்லாமலோ குறைத்தோ மானியமாகக் கொடுத்த நிலம்) என்றால் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் 1860-களின் இனாம் பதிவேடுகளைப் பார்க்கலாம்.

பத்திரப் பதிவு அலுவலகம்

வில்லங்கச் சான்று இணையத்தில் பொதுவாக 1975 வாக்கில் இருந்துதான் கிடைக்கும். அதற்கு முன்னால் வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேட வைக்க வேண்டும். எந்த அலுவலகம் என்பதில் கவனம் தேவை. பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-ல் திருவாரூர் உருவானது, 2020-ல் மயிலாடுதுறை வந்தது. ஊர் இன்று எங்கே சேர்ந்திருக்கிறதோ அங்கேதான் பழைய புத்தகமும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அங்கே இரண்டு அட்டவணைகள் உண்டு: முதலாவது ஆட்களின் பெயர்ப்படி, இரண்டாவது சொத்தின்படி. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் இவற்றைப் பார்க்கலாம். பெயரைத் தேடும்போது எழுத்துகளை மாற்றி மாற்றிப் பாருங்கள். என் தாத்தா ஓரிடத்தில் 'இராமசாமி', இன்னோரிடத்தில் 'ராமஸாமி'.

பத்திர நகல் வந்ததும் நேராக நான்கெல்லைக்குப் போங்கள். இப்படி இருக்கும்: "வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, சுப்பன் பாத்தியத்துக்குக் கிழக்கு, கோயில் மானியத்துக்கு மேற்கு. இதன் மத்தியில் உள்ள நஞ்சை." புதியவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடுவார்கள். வாய்க்காலுக்கு வடக்கே வயல் இருக்கிறது, ஆகவே வாய்க்கால் ஓடுவது வயலின் தெற்கு ஓரத்தில். ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தால் குழப்பம் தீரும். 'கீழ்புறம்' என்று வந்தால் அது கிழக்கு, 'மேல்புறம்' மேற்கு.

தாத்தா பெயரில் பத்திரமே இல்லையா? பக்கத்து வயல்காரரைத் தேடுங்கள். சுப்பனின் பத்திரத்தில் "இராமசாமி பாத்தியத்துக்கு மேற்கு" என்று வந்தே ஆகும். எனக்குக் கதவு திறந்தது அப்படித்தான்.

அளவு ஒத்துப்போகிறதா?

அந்தப் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போய்க் கடைசியில் கிடைத்த பாகப்பிரிவினையில் எங்கள் வயல் 1 மா 50 குழி. தஞ்சைப் பக்கம் குழி என்பது 144 சதுர அடி, 100 குழி ஒரு மா. (குழி ஊருக்கு ஊர் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள்.) 150 குழி என்றால் 21,600 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் அது ஏறக்குறைய 49.6 சென்ட். இன்றைய 'அ' பதிவேட்டில் அந்த எண்ணுக்கு 0.20.0 ஹெக்டேர், அதாவது 20 ஏர், 49.4 சென்ட். இவ்வளவு நெருக்கமாக வந்தால் அதே வயல் என்று தைரியமாக நம்பலாம். அப்பாயி சொன்ன ரெண்டு மாவில் அரை மா பேச்சிலேயே வளர்ந்திருக்கிறது.

கடைசியாகப் புலப்படத்தின் (அந்தச் சர்வே எண்ணுக்கு உரிய அளவுப் படத்தின்) நகலை வாங்கிக்கொண்டு வயலுக்குப் போங்கள். படத்தில் மூலைக் கற்கள் குறிக்கப்பட்டிருக்கும். அறுவடை முடிந்து புல் காய்ந்த நாளாகப் பார்த்துப் போங்கள், மற்ற நாளில் கல் கண்ணில் படாது. இப்போது உழுகிறவரிடம் முதலிலேயே விவரம் சொல்லிவிடுங்கள். படமும் கையுமாக ஒருவர் வரப்பில் நின்றால் அவருக்கு வயிற்றைக் கலக்கும்.